தரவுத்தளங்களுக்குக் காப்புப்படி வகுக்கும் முறை

வங்கியின் வைப்புக் கணக்கு, மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு, புகைவண்டியின் முன்பதிவு, கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் ஆகிய இவையெல்லாம் இந்நாளில் டேட்டாபேஸ் என்று வழங்கும் தரவுத்தளங்களில் உறைகின்றன. ஒழுங்குபடுத்திய செய்தித் தொகுதியும் அதனைக் காத்து நடத்தும் மென்பொருளும் சேர்ந்ததே தரவுத்தளமாகும். காகிதப் பேரேட்டை அழிப்பதற்குக் கறையானும் மழையும் பல்லாண்டு உழைத்தல் வேண்டும். தரவுத்தளத்தை அழிப்பதற்கோ தவறான கட்டளை ஒன்றும் இரண்டு விநாடியும் போதும். ஆதலின் அதற்கு அவ்வப்பொழுது படியெடுத்து வைக்கின்றனர். அப்படியினைத் தொழிலறிந்தோர் பேக்கப் என்பர். யாம் இக்கட்டுரையில் காப்புப்படி என்று எழுதுவோம்.

நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணாக்கருட் பலர் இத்தகைய தரவுத்தளங்களைக் கையாளும் அலுவல்களிலேயே புகுகின்றனர். பழைய மாணாக்கருட் சிலர் அவற்றிற்குத் தலைமை தாங்கியும் நிற்கின்றனர். ஆயினும் காப்புப்படியைப் பற்றிய பேச்சு எழும்பொழுது, எந்த மென்பொருளை வாங்குவது, எத்தனை மணிக்குப் படியெடுப்பது என்னும் வினாக்களே முதலில் எழக் காண்கின்றோம். இவை இடையில் எழ வேண்டிய வினாக்கள். படியெடுத்தல் வழியேயன்றி முடிவன்று; இழந்ததை மீட்டலே முடிவு. மீட்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து காப்புப்படியை வகுத்தலே தக்கது என்பது எம் துணிபு. இதனை நிறுவுதற்கு உலகறிந்த நிகழ்ச்சியொன்றைச் சற்று விரித்துக் கூறுவோம்.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைத்தற்கும் அவற்றைக் குறித்து உரையாடுதற்கும் இடந்தரும் கம்பெனிகளுள் கிட்லேப் என்பது ஒன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, கிரீன்விச் நேரப்படி இரவு 11 மணிக்குமேல், அக்கம்பெனியின் பொறியாளர் ஒருவர் பழுது நீக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவர்களுடைய தரவுத்தளம் இரண்டு யந்திரங்களில் இருந்தது. ஒன்று முதன்மை, மற்றொன்று முதன்மையில் நிகழும் மாற்றங்களை உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளும் இணைப்பிரதி. அன்று இணைப்பிரதி பின்தங்கிப் போயிற்று. அதனை வெறுமையாக்கி மீண்டும் நிரப்புதல் வேண்டும் என்று கருதிய பொறியாளர், அழிக்கும் கட்டளையைப் பிறப்பித்தார். ஆனால் அவர் முன்னிருந்த திரை முதன்மை யந்திரத்தினுடையதாக இருந்தது. ஓரிரு விநாடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் அளவினதாகிய தரவில் சுமார் நாலரை ஜிகாபைட்டே எஞ்சியது.

இஃது எங்கும் நிகழத்தக்க கைப்பிழை. நாம் கருதத்தக்கது அதன் பின்னர் நிகழ்ந்ததேயாம். அக்கம்பெனியார் காப்புப்படியைப் பற்றிக் கவலையற்றவர் அல்லர். பல வழிகளை ஏற்படுத்தியே இருந்தனர். நாடோறும் தரவுத்தளத்தை எடுத்துத் தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. சென்று பார்த்தபொழுது அச்சேமிப்பகம் வெறுமையாகக் கிடந்தது. காரணம் என்னையெனின், தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் மென்பொருளின் 9.6ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, படியெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பினதாக அமைந்து, ஒவ்வொரு நாளும் தொடங்கிய அளவிலேயே பிழை காட்டி நின்றுவிட்டது. பிழை நேர்ந்தால் மின்னஞ்சல் வருமாறு செய்திருந்தனர். அவ்வஞ்சல்கள் முறைப்படி கையொப்பம் பெறாதவை என்று பெறுமிடத்தில் தள்ளப்பட்டமையால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாடகைக்கு யந்திரம் தரும் நிறுவனத்தார் அளிக்கும் ஸ்நாப்ஷாட் என்னும் கணநேரப் படம் வேறு சில யந்திரங்களுக்கு இருந்தது. தரவுத்தள யந்திரங்களுக்கு அது திறந்து வைக்கப்படவில்லை. இணைப்பிரதியோ சற்று முன்னரே துடைக்கப்பட்டது.

சுவிசேஷத்தில் வரும் ஊழியன் தாலந்தைப் பூமியில் புதைத்து வைத்தமைக்காகக் கடிந்துகொள்ளப்பட்டான். அவனுங்கூட எஜமான் கேட்ட நாளில் தோண்டியெடுத்துக் கையில் கொடுக்க வல்லவனாயிருந்தான்!

இறுதியில் அவர்களைக் காத்தது தற்செயல். அழிவு நேர்வதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு முன்னர், வேறொரு சோதனைக்காக ஒருவர் தம் கையால் எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட் ஒன்று இருந்தது. அதிலிருந்தே யாவும் மீட்கப்பட்டன. அப்படியிருந்த வட்டு மந்தமானதாகையால், தரவை முதன்மை யந்திரத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்கே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. நிரல்களுக்குச் சேதமில்லை. இடைப்பட்ட மணிகளில் தரவுத்தளத்தில் பதிந்தவையோ மீளவில்லை. ஏறக்குறைய 5,000 திட்டப் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனாளர் கணக்குகளும் போயின என்று கம்பெனியாரே மதிப்பிட்டு வெளியிட்டனர். பொறியாளர் ஒருவர் தலையில் பழியைச் சுமத்தாது, நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே உலகறிய எழுதிய அவர்தம் நேர்மை பாராட்டத்தக்கது. அந்நேர்மையாலன்றோ நாம் இன்று இதனைப் பாடமாகப் படிக்கின்றோம்.

இனி, மீட்பிலிருந்து பின்னோக்கி வருதல் என்று யாம் கூறியது யாதெனின், ஸ்தாபனத்தின் தலைவரிடம் இரண்டு வினாக்களுக்கு விடை பெற்று எழுத்தில் வாங்கி வைத்தலாம். எவ்வளவு நேரத்துப் பதிவை இழந்தால் தாங்குவீர் என்பது முதல் வினா. எவ்வளவு நேரம் பணி நின்றிருந்தால் தாங்குவீர் என்பது இரண்டாம் வினா. தொழில் நூல்களில் முன்னதை ஆர்.பி.ஓ. என்றும் பின்னதை ஆர்.டி.ஓ. என்றும் குறிப்பர். இவற்றிற்கு விடை கூற வேண்டியவர் கணிப்பொறி அறையில் இருப்பவர் அல்லர், நஷ்டத்தை ஏற்பவரே. ‘ஒரு பதிவும் இழக்கலாகாது, ஒரு நிமிஷமும் நிற்கலாகாது’ என்றுதான் எல்லாத் தலைவரும் முதலில் கூறுவர். அதற்காகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டியபின் விடை மாறும். நூல்நிலையப் பட்டியல் ஒரு நாட் பதிவை இழந்தால், அன்று வந்த நூல்களை மறுபடி எழுதிக்கொள்ளலாம். பணம் செலுத்தும் கணக்கில் பத்து நிமிஷம் காணாமற்போயின், எவர் செலுத்தினார், எவர் செலுத்தவில்லை என்று கூறுதற்கு ஆளின்றிப்போம். ஒரே ஸ்தாபனத்தினுள்ளும் தரவுத்தளந்தோறும் விடை வேறுபடும். ஆதலின் எல்லாவற்றிற்கும் ஒரே முறையை விதிப்பது, ஒன்றிற்கு மிகையாகவும் மற்றொன்றிற்குக் குறையாகவும் முடியும்.

விடைகள் கிடைத்தபின் படியெடுக்கும் வகைகளை நோக்குவோம். முதற்கண் ஓர் எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளைப்போல நகலெடுத்தல் கூடாது. எழுத்தர் ஒருவர் கந்தன் கணக்கிலிருந்து நூறு ரூபாயைக் குறைத்து முருகன் கணக்கில் ஏற்றுகின்றார் எனக் கொள்வோம். அதே வேளையில் நாம் பேரேட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுத்துக்கொண்டு போகின்றோம். கந்தன் பக்கத்தைக் குறைப்பதற்கு முன்னும், முருகன் பக்கத்தை ஏற்றியதற்குப் பின்னும் நகலெடுத்துவிட்டால், நம் படியில் நூறு ரூபாய் வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றும். இக்குழப்பம் நேராவண்ணம் ஒரு கணத்து நிலையை மாத்திரம் காட்டும்படி தரவுத்தள மென்பொருளே படியெடுக்க வல்லது. அதன் வாயிலாகவே செய்தல் வேண்டும்.

அவ்வாறு எடுக்கும் படியும் இருதிறப்படும். தரவை மீண்டும் உருவாக்குதற்குரிய கட்டளைகளாக எழுதி வைத்தல் ஒன்று. தரவு கிடக்கும் கோப்புகளை உள்ளபடியே எடுத்தல் மற்றொன்று. முன்னது புதிய பதிப்பிற்கு மாறுதற்கும், ஓர் அட்டவணையை மாத்திரம் மீட்டற்கும் ஏற்றது. ஆனால் பெரிய தரவுத்தளத்தை அதிலிருந்து கட்டியெழுப்பும்பொழுது வரிசையொவ்வொன்றையும் புகுத்தி, அகராதி போன்ற சுட்டுகளையெல்லாம் மறுபடியும் அமைத்தல் வேண்டுமாகையால், மீட்பு மிக நீளும். சிறியனவற்றிற்கு அது போதும். பெரியனவற்றிற்குப் பின்னதே தகும்.

இனி நேரத்தைப் பற்றிய கணக்கு. நம் வணிகர் கணக்கெழுதும் முறையை அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். வரவு செலவை நிகழ்ந்த வரிசைப்படி முதலில் சிட்டையில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் பதிதல் அவர் வழக்கம். தரவுத்தளமும் அவ்வாறே செய்கின்றது. மாற்றம் ஒவ்வொன்றையும் லாக் எனப்படும் சிட்டையில் முன்னர் எழுதிக்கொண்டு, பின்னரே உரிய இடத்தில் பதிகின்றது. இதனால் விளையும் பயன் பெரிது. பேரேட்டின் பழைய படியொன்றும், அதன் பின்னர் எழுதிய சிட்டைகள் இடைமுறியாமலும் கையிலிருப்பின், சிட்டையை வரிசையாகப் பதிந்துகொண்டே வந்து விரும்பிய கணத்தில் நிறுத்தலாம். பிற்பகல் 3 மணி 10 நிமிஷத்திற்கு ஒருவர் தவறாக அழித்தார் எனின், 3 மணி 9 நிமிஷம் வரையிற் பதிந்து நிறுத்திவிடலாம். போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், மைக்ரோஸாஃப்டின் எஸ்.க்யூ.எல். ஸர்வர், மைஎஸ்.க்யூ.எல். ஆகிய நான்கிலும் இவ்வசதி உண்டு, பெயர்களே வேறு.

600 ஜிகாபைட் அளவுள்ள தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் முழுப்படியும், பின்னர்ப் பதினைந்து நிமிஷத்திற்கு ஒருமுறை சிட்டைப்படியும் எடுக்கின்றோம். ஆகவே இழப்பு பதினைந்து நிமிஷத்தை விஞ்சாது; முதல் வினாவிற்கு விடை கிடைத்தது. ஆனால் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு யந்திரம் கெட்டால், முழுப்படிக்குப்பின் 166 மணி நேரம் கழிந்திருக்கும். மணிக்கு நான்கு வீதம் 664 சிட்டைப்படிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிதல் வேண்டும். அவற்றுள் இடையில் ஒன்று கெட்டிருப்பினும் அதற்கு மேற்பட்டவை பயன்படா. இங்கேதான் வேறுபாட்டுப்படி துணைசெய்கின்றது. கடைசி முழுப்படிக்குப் பின்னர் மாறிய பகுதிகளை மாத்திரம் எடுப்பது அது. நள்ளிரவுதோறும் அதனை எடுத்துவரின், முழுப்படி ஒன்று, சனிக்கிழமை பிறந்த நள்ளிரவின் வேறுபாட்டுப்படி ஒன்று, சிட்டைப்படி 88 என்று வேலை சுருங்கும். முந்திய படிக்குப் பின் மாறியவற்றை மாத்திரம் எடுக்கும் தொடர்படி என்பதும் உண்டு. அது சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும், மீட்பிலோ சங்கிலியை நீட்டும். போஸ்ட்கிரஸில் இவ்வகை 2024இல் வெளிவந்த 17ஆம் பதிப்பில் மென்பொருளின் உள்ளேயே இடம்பெற்றது.

பணி நிற்கும் நேரத்தையும் இவ்வாறே எண்ணால் அறிதல் வேண்டும். விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் வரின், 600 ஜிகாபைட் வந்து சேர 6,000 விநாடி, அதாவது ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகும். தொலைவிலுள்ள சேமிப்பகத்திலிருந்து விநாடிக்கு 20 மெகாபைட்டே வரின், எட்டு மணி இருபது நிமிஷம். தலைவர் இரண்டு மணி நேரமே தாங்குவேன் என்றிருந்தால், தொலைவிலுள்ள படி மாத்திரம் போதாது, அருகில் ஒன்றும் வேண்டும் என்பது இக்கணக்கிலிருந்தே பெறப்படும். கிட்லேப் கம்பெனியார் 18 மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது இத்தகைய மந்த வட்டினாலன்றோ?

எஸ்.க்யூ.எல். ஸர்வரைக் கையாளுவோர் மற்றொன்றும் அறிதல் நலம். அதில் ஸிம்பிள் என்றும் ஃபுல் என்றும் இரண்டு மீட்பு முறைகள் பெரிதும் வழங்குகின்றன. ஸிம்பிள் முறையில் சிட்டைப்படி எடுத்தல் இயலாது. இழப்பு கடைசி முழுப்படி அல்லது வேறுபாட்டுப்படி வரையிற் போகும். ஃபுல் முறையில் சிட்டைப்படி எடுக்கலாம். எடாமல் விட்டாலோ சிட்டை வளர்ந்துகொண்டே போய் வட்டை நிரப்பித் தரவுத்தளத்தில் எழுதுதலையே நிறுத்திவிடும். முறையை ஃபுல் என்று வைத்துவிட்டுச் சிட்டைப்படிக்கு ஏற்பாடு செய்யாத அலுவலகங்கள் அரியன அல்ல.

‘எங்களுக்கு இணைப்பிரதி இருக்கின்றது, காப்புப்படி எதற்கு?’ என்று வினவுவாரும் உளர். இணைப்பிரதி யந்திரக் கோளாற்றுக்கு மருந்து. மனிதக் கோளாற்றுக்கு மருந்தன்று. முதன்மையில் ஒருவர் அட்டவணையை அழித்தால், அவ்வழிவும் அடுத்த கணமே பிரதியைச் சென்று சேரும். 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்னும் நாசகார மென்பொருள் உக்ரேனிலிருந்து பரவி, டென்மார்க்கின் பெருங்கப்பற் கம்பெனியாகிய மேர்ஸ்க்கின் யந்திரங்களைப் பாழாக்கியது. அக்கம்பெனியின் பயனாளர் பெயரும் உரிமையும் அடங்கிய தரவு, டொமைன் கன்ட்ரோலர் எனப்படும் சுமார் 150 யந்திரங்களில் இருந்தது. அவை ஒன்றையொன்று ஒத்திசைத்துக்கொள்வன. ஒன்று போயின் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒருங்கே போகும் என்று எவரும் எண்ணவில்லை. கானா நாட்டில் மின்சாரம் நின்று போனமையால் அணைந்து கிடந்த ஒரு யந்திரம் மாத்திரம் தப்பியது. அதன் தரவை இணைப்பின் வழியே அனுப்ப நாட்கள் பல ஆகும். அங்குள்ள ஊழியர்க்கோ பிரிட்டனுக்குச் செல்ல விசா இல்லை. ஆகவே ஒருவர் வட்டை நைஜீரியா வரையிற் கொண்டுபோய்க் கொடுக்க, மற்றொருவர் அங்கிருந்து லண்டனுக்குப் பறந்தார் என்று 2018இல் வயர்ட் பத்திரிகை விரிவாக எழுதியது. கம்பெனியின் உயிர்நிலையைக் காத்தது அன்று மின்வெட்டு! தற்செயலாக அமைந்த அந்த ‘அணைந்து கிடத்தலை’ நாம் வேண்டுமென்றே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். குறைந்தது ஒரு படியேனும் வலையிணைப்பிற்கு வெளியே இருத்தல் வேண்டும்; அல்லது குறித்த காலம் வரையில் நிர்வாகியாலுங்கூட அழிக்கவோ மாற்றவோ இயலாதவாறு பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். பணம் பறிக்கும் நோக்கத்தோடு புகுவோர் காப்புப்படிகளையே முதலிற் தேடி அழிக்கின்றனர்.

படி இருக்கும் இடத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வாடிக்கையாளர் சிலருடைய தரவும் காப்புப்படியும் அவ்விடத்திலேயே இருந்தமையால் ஒருங்கே அழிந்தன. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் தேஜோன் நகரத்து அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து எழுந்த தீயில், அரசு ஊழியர் தம் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியிடத்துப் படியே இல்லை. அளவு மிகப் பெரிது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். பெரிதாயிருத்தல் படியெடாமைக்குக் காரணமாகுமேல், மிகுதியாக இழக்கத்தக்கவர் எவரோ அவரே படியின்றி நிற்பர். மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வேற்றிடத்தில் என்று நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவச் செய்த விதி பெருந்தரவுத்தளங்களுக்கும் பொருந்தும்.

எத்தனை நாட் படிகளை வைத்துக்கொள்வது என்பதும் மீட்பை நோக்கியே முடிவு செய்யத்தக்கது. எல்லாப் பிழையும் அன்றே தெரிவதில்லை. நாற்பது நாட்களுக்கு முன் கெட்ட கணக்கை இன்று கண்டால், முப்பது நாட் படிகளை மாத்திரம் வைத்திருப்பவரிடம் கெட்ட படிகளே இருக்கும். நாட்படி ஏழு, வாரப்படி நான்கு, மாதப்படி பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுதல் பலர் கையாளும் வழி. மேற்கூறிய 600 ஜிகாபைட் தரவுத்தளத்திற்கு எல்லாவற்றையும் முழுப்படியாகவே கொண்டாலும், 23 படிகளுக்குச் சுருக்காத நிலையில் 13,800 ஜிகாபைட் ஆகும். இக்காலத்து வட்டுக்களின் விலையில் இது தாங்க இயலாத செலவன்று.

எடுத்த படி நல்லதோ என்று அறிதற்கு ஒரே வழி, அதனை வேறொரு யந்திரத்தில் மீட்டுப் பார்த்தலாம். ஏடு பெயர்த்தெழுதினவர் எழுதி முடித்த அளவில் நின்றாரல்லர். ஒருவர் வாசிக்க மற்றொருவர் மூல ஏட்டை ஒப்புநோக்கினார். படியைச் சோதிக்கும் கட்டளைகள் மென்பொருள்களில் உண்டு. அவை படி முழுமையாய் வாசிக்கத்தக்கதா என்பதைக் கூறுமேயன்றி, உள்ளே கிடக்கும் தரவு கெடாமல் இருக்கின்றதா என்பதை முற்றும் கூறா. மாதம் ஒருமுறையேனும் மீட்டெடுத்து, தரவுத்தளத்தின் உட்கட்டைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டி, நேற்றைய வரிசைகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்த்து, மொத்தம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைக் கொண்டு குறித்தல் வேண்டும். அவ்வேலையை எப்பொழுதும் அதில் தேர்ந்தவரே செய்தல் கூடாது. புதிதாக வந்தவரிடம் எழுதி வைத்த குறிப்பை மாத்திரம் கொடுத்துச் செய்யச் சொன்னால், குறிப்பில் விடுபட்ட படிகள் அன்றே வெளிப்படும். ‘படியெடுத்தல் தவறியது’ என்னும் செய்தி வருவதை எதிர்பார்த்திருத்தலினும், ‘படியெடுத்தல் முடிந்தது, அளவு இவ்வளவு’ என்னும் செய்தி வாராவிடில் மணியடிக்கும்படி அமைத்தல் நன்று. கிட்லேப்பில் அஞ்சல் தள்ளப்பட்டபொழுது நிலவிய மௌனமும், யாவும் நலமாயிருக்கும்பொழுது நிலவும் மௌனமும் காதிற்கு ஒன்றாகவே இருந்தன.

மறைக்குறியிட்டு வைக்கும் படிகளைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. திருட்டுக்கு அஞ்சித் தரவைப் பிறர் வாசிக்க இயலாதவாறு மறைத்து வைத்தல் முறையே. ஆனால் அதனைத் திறக்கும் திறவுகோலும் சான்றிதழும் அதே யந்திரத்தில் மாத்திரம் இருப்பின், யந்திரம் போன நாளில் அவையும் போம், எஸ்.க்யூ.எல். ஸர்வரில் அவ்வாறு மறைத்த தரவுத்தளத்தின் படியை அச்சான்றிதழ் இன்றி எங்கும் மீட்டல் இயலாது. ஆதலின் திறவுகோலுக்குத் தனியே ஒரு படியெடுத்து, தரவின் படி இருக்கும் இடத்தினின்று வேறான இடத்தில் பூட்டி வைத்து, அதன் இருப்பிடத்தை அறிந்தவர் இருவரேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்க. மாதாந்தர மீட்புச் சோதனையையும் அப்படித் திறவுகோலைக் கொண்டே நடத்துக.